ஆப்பிள் டாங்கிள் ரிவ்யூ: மல்டிமீட்டர் மானத்த வாங்கிடுச்சு

ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கினது. ஒரு பக்கம் யூஎஸ்பி-சி, இன்னொரு பக்கம் 3.5 எம்எம் ஓட்டை, நடுவுல இடியாப்பம் மாதிரி ஒரு வயர், இதுக்குள்ள ஒரு டேக் (DAC, டிஜிட்டல் பாட்ட ஆம்ப்புக்குப் போற சிக்னலா மாத்துற சிப்) இருக்குன்னு சொன்னா வீட்ல யாரும் நம்பல. லேப்டாப்ல சொருகி, ஆம்ப், ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்னு மூணு மாசமா ஓடுது.

அளந்து பாத்தவங்க கணக்குல இதோட சைனாட் கிட்டத்தட்ட 99 டெசிபல். அதாவது இரைச்சலும் டிஸ்டார்ஷனும் சேர்ந்தாலும் பாட்டுக்கு அவ்ளோ கீழ கிடக்கு, 16 பிட் சிடிக்கே சுமார் 96 தான். இதெல்லாம் படிச்சும் மனசு ஆறல, நண்பனோட நாப்பதாயிரம் ரூபா டேக்க ஒரு வாரம் கடன் வாங்கிட்டு வந்தேன்.

போட்டதும் அசந்துட்டேங்க. மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் கும்கி இழுக்கிறது தனியா தெரியுது, தம்புரா ரூம் முழுக்க பரவுது, இஎம்ஐ எத்தன மாசம்னு மனசுக்குள்ள கணக்கே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்து, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சுப் பாத்தேன். டாங்கிள்ல 1 வோல்ட், பெரிய டப்பால 2 வோல்ட். ரெண்டு மடங்குன்னா 6 டெசிபல் ஜாஸ்தி, நான் தெளிவு தெளிவுன்னு உருகினது வெறும் சத்தத்துக்கு! பிளேயர்ல 6 டெசிபல் குறைச்சு சமமாக்கி, மச்சான முதுகுக்குப் பின்னாடி உக்கார வெச்சு மாத்தி மாத்திப் போடச் சொன்னேன். எது ஓடுதுன்னு சொன்னதுல 16 தடவைல 9 சரி. காச சுண்டியிருந்தாலே 8 வந்திருக்கும்.

அதுக்காக காத கழட்டி பரண்ல போட்டுடாதீங்க. என் ரூம் 10 அடி, பேஸ் கிட்டார்ல ஏ கம்பிய சும்மா தட்டினா 55 ஹெர்ட்ஸ், அந்த ஒரு ஸ்வரம் வந்தா மட்டும் சோஃபால உக்காந்திருக்கிறவன் வயித்துக்குள்ள ம்ம்ம்முனு உப்பிக்கிட்டு நிக்கும். டாங்கிளோட சார்ட் (எந்த ஹெர்ட்ஸுக்கு எவ்ளோ சத்தம்னு காட்டுற படம்) கோடு போட்ட மாதிரி இருக்கு, ஸ்பீக்கர் சார்ட்டும் அப்படித்தான், ஆனா அதுல என் வீட்டுச் சுவர் இல்லையே. எனக்குக் காதுதான் முதல்ல காட்டிக்குடுத்துச்சு, அப்புறம் மைக் வெச்சு ஆர்இடபிள்யூ (ரூம் சத்தத்த அளக்கிற சாஃப்ட்வேர்) ஓட்டினா 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு, ஒலியோட வேகம் 343-அ (நொடிக்கு மீட்டர்) ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால (6.1 மீட்டர்) வகுத்தாலும் அதே நம்பர். சுவர ஒட்டிக் கிடந்த சோஃபாவ மூணு அடி முன்னாடி இழுத்ததும் பாதிக்கு மேல அடங்கிடுச்சு, நடக்க வழியில்லன்னு வீட்ல திட்டு தனி.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பல ஆண்ட்ராய்டு போன்ல இத நேரா சொருகினா வால்யூம் கம்மியாத்தான் வரும். லேப்டாப்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்.

டேக்க திருப்பிக் குடுக்கும்போது நண்பன்கிட்ட அந்த 6 டெசிபல் கதையச் சொன்னேன். "உன் காத மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுடா"ன்னுட்டு டப்பாவ வாங்கி பைக்குள்ள வெச்சுக்கிட்டான்.