நிறைய லிங்க்கா, பார்த்த லிங்க்கா?

தமிழ் மின்னூல், அகராதி, பழைய இதழ்கள் கிடைக்கும் தளங்களை ஒரே பட்டியலாகப் போட உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு படிவத்தை வைத்து, யார் வேண்டுமானாலும் தளத்தைச் சேர்க்கலாம் என்று விட்டுவிடலாம். அல்லது நானே திறந்து பார்த்து, தேறியதை மட்டும் போடலாம். முதலில் படிவத்துக்குத்தான் போனேன். சோம்பல்தான் காரணம்.

படிவத்தில் பட்டியல் தானாக வளரும், நமக்குத் தெரியாத தளமும் வரும். கல்வெட்டு படிக்கக் கற்றுத்தரும் ஒரு நல்ல தளம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அதன் பின்னாலேயே கடன் தருபவர், ஜாதகம் பார்ப்பவர், ரம்மி ஆடக் கூப்பிடுபவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அறிமுகத்தை அவரவரே எழுதியதால் எல்லாமே ‘தமிழின் முன்னணித் தளம்’.

இப்போது அறிமுகத்தை நானே எழுதுகிறேன். மதுரைத் திட்டத்துக்கு: ‘1998 முதல் தன்னார்வலர்கள் ஏற்றிவரும் இலக்கியங்கள். எழுத்துவடிவில் இருப்பதால் சொல்லைத் தேடலாம்.’ நூலகம் தளத்துக்கு: ‘ஈழத்துப் பழைய இதழ் வேண்டுமா, முதலில் இங்கே பாருங்கள். பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள்.’ இந்த இரண்டு வரி இருந்தால் வருபவர் தப்பான கதவைத் தட்டமாட்டார். வகை பிரிப்பதற்கு ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. படிக்க, சொல் தேட, குழந்தைகளுக்கு என்று வருபவரின் தேவையை வைத்துப் பிரித்ததே போதுமாக இருக்கிறது.

ஆனால் நான் கட்சி மாறியது அறிமுகத்துக்காக இல்லை, பராமரிப்புக்காக. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. செத்த லிங்க்கைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. பக்கம் இல்லையென்றால் சர்வர் 404 என்று சொல்லும், மென்பொருள் குறித்துக்கொள்ளும். ஆபத்து சாகாத லிங்க்கில்தான். ஒருவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார். அப்போது சர்வர் 200 என்று, அதாவது எல்லாம் சரி என்று, பதில் தரும். மென்பொருளும் பச்சை காட்டும். திறந்தால் சூதாட்டம். குழந்தைப் பாடல் என்று நான் போட்டிருந்த ஒரு லிங்க் இப்படி மாறியது, ஒரு பள்ளி ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அதை வகுப்பில் திறந்திருக்கிறார்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஞாயிறு காலையில் பத்துத் தளங்களை நிதானமாகத் திறந்து பார்க்க முடிகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று மாதம் என்றால் 13 ஞாயிறு. ஊருக்குப் போகிற ஒன்றைக் கழித்தால் 120 தளம். என் பட்டியலின் அளவு அவ்வளவுதான். 121ஆவது உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும். படிவக் காலத்தில் 600 இருந்தது, ஒரு சுற்று வர 60 வாரம் ஆகும். இப்போது ஒவ்வொரு தளத்துக்குப் பக்கத்திலும் ‘கடைசியாகப் பார்த்த தேதி’ போடுகிறேன். வருபவர்கள் பாராட்டுவதும் அந்தத் தேதியைத்தான். நான் இரண்டு வாரம் மெனக்கெட்ட வண்ணங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆள் பலம் இருந்தால் கணக்கு மாறுமா? 1998இல் தொடங்கிய டிமாஸ் (DMOZ) என்ற இணையதளப் பட்டியல், தன்னார்வத் தொகுப்பாளர்களின் கையாலேயே பல லட்சம் தளங்களைச் சேர்த்தது. 2017இல் மூடிவிட்டார்கள். யாஹூவின் பட்டியல் 2014 கடைசியிலேயே போய்விட்டது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஆயிரம் தளங்களைக் கவனிப்பது சாத்தியமாக இருக்கலாம். நான் தனி ஆளாகவே செய்து பார்த்திருக்கிறேன். ஊர்க் கடைகள், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பட்டியலுக்குப் படிவம்தான் சரிவரும் என்று தோன்றுகிறது. போன் நம்பர் மாறினால் அதைத் திருத்தும் அவசரம் அவர்களுக்கே இருக்கும்.

படிவத்தை நானும் முழுக்க எடுத்துவிடவில்லை. ‘பரிந்துரை’ என்ற பெயரில் ஒரு மூலையில் இருக்கிறது; அதில் வருவது எனக்கு மட்டும் தெரியும். ஜாதகக்காரர் இன்னும் வாராவாரம் வந்து போகிறார்.