றெடிச் ஊசிப் பொதி: மத்திய வீதியில் கிடைத்த பழைய இருப்பு

திருகோணமலை மத்திய வீதியில் தையற் சாமான்கள் விற்கும் சிறிய கடையொன்றில், கறுப்புக் காகிதத்தில் மடித்த ஊசிப் பொதியொன்றைச் சென்ற மாதம் 450 ரூபாவுக்கு வாங்கினேன். உறையின் கீழ் ஓரத்தில் ‘றெடிச், இங்கிலாந்து’ என்று அச்சிடப்பட்டிருந்தது. “அக்கா, இது அப்பா காலத்துச் சரக்கு, இனி வராது” என்றார் கடைக்காரத் தம்பி. 3 முதல் 9 வரையான எண்களில் மொத்தம் 20 கையூசிகள். எண் கூடக் கூட ஊசி மெலியும்.

நாலு கிழமையாக இவற்றைக் கொண்டே தைத்து வருகிறேன். பட்டுச் சேலை ஒன்றுக்கு 9ஆம் எண் ஊசியால் ஓரம் மடித்துத் தைத்தபோது ஓர் இழைகூட இழுபடவில்லை. அட்டையில் குத்தி விற்கும் மலிவு ஊசிகளில் காதின் உட்புறம் அரம்போல் இருப்பதால், கோத்த நூல் பாதி வழியிலேயே பஞ்சாகிவிடும். இந்த ஊசியிலோ நூல் முடியும்வரை முறுக்குக் குலையவில்லை. தடித்த வேட்டிக் கரையில் அழுத்திக் குத்தியபோது சற்று வளைந்த ஊசி, வெளியே வந்ததும் தானாக நிமிர்ந்துகொண்டது. உருக்கை எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பின் மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் அந்தக் குணம் வரும்.

இத்தனைக்கும் பின்னால் ஓர் ஊரே இருக்கிறது. பேர்மிங்காமுக்குத் தெற்கே, வூஸ்டர்ஷயரில், ஆரோ ஆற்றங்கரையில் உள்ள றெடிச்சிலும் அதன் அயலிலுமே 19ஆம் நூற்றாண்டில் உலகின் ஊசிகளில் பெரும்பகுதி செய்யப்பட்டது. கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளையும் தீட்டி, நடுவில் இரண்டு காதுகளைத் துளைத்து, அதன் பிறகே ஒடித்து இரண்டாக்குவார்கள். ஆயிரக்கணக்கான ஊசிகளை எமரி என்னும் தேய்ப்புக் கல்லின் தூளோடும் மென்சவர்க்காரத்தோடும் கித்தானில் இறுகச் சுற்றி, நீர்ச்சக்கரம் இயக்கும் பாரப் பலகைகளின் கீழ் மணிக்கணக்காக உருட்டுவார்கள். கழுவி, மறுபடி சுற்றி, மறுபடி உருட்டுவார்கள். என் விரலில் வழுக்கும் மெருகு இப்படி வந்ததுதான். அந்த வேலை நடந்த ஃபோர்ஜ் மில் ஆலை, போர்ட்ஸ்லி மடாலய இடிபாடுகளுக்கு அருகில், 1983 முதல் ஊசி அருங்காட்சியகமாக இருக்கிறது.

கூர் தீட்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊசியை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. ஒரு கைப்பிடி கம்பிகளை விரல்களுக்கிடையே உருட்டியபடி, ஈரமில்லாத சாணைக்கல்லில் அவர்கள் முனை தீட்டினார்கள். கல்லின் தூசியும் உருக்கின் தூசியும் நெஞ்சுக்குள் இறங்க, பலர் நாற்பது வயதைக் காணாமலே இறந்தார்கள். கூலி மட்டும் மற்ற வேலைக்காரரைவிட அதிகம். தூசியை இழுக்கும் விசிறிகள் வந்தபோது, ஆபத்துக் குறைந்தால் கூலியும் குறைக்கப்படும் என்று அஞ்சி அவர்களே எதிர்த்தார்கள் என்பதை வாசித்த அன்று, கையில் இருந்த ஊசியைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஊர் ஊசியோடு நிற்கவில்லை. ஊசிக் கம்பியை வளைத்தால் தூண்டில். ஆகவே மீன்பிடிச் சாமான்களுக்கும் றெடிச் பேர்போனது, நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். 1955இல் சென்னையில் ஒன்றுசேர்க்கத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளும் றெடிச்சில் பிறந்ததுதான். அங்கிருந்த தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது.

பொதியில் குறையும் உண்டு. 20 ஊசிகளில் மூன்றில் காதருகே துரு ஏறியிருந்தது. அவற்றைப் பட்டில் இறக்கக் கூடாது, கறை பிடித்தால் போகாது. கறுப்புக் காகிதம் பல ஆண்டுகள் காத்திருக்கிறது, ஆனால் நம் உப்புக் காற்றில் உறையைத் திறந்தபின் அது போதாது. தையல் இயந்திர எண்ணெய் துளி தடவிய கம்பளித் துண்டில் குத்தி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாக்குத் தைக்கவோ கித்தான் தைக்கவோ இதில் ஊசி இல்லை. அதற்கு வேறு வாங்க வேண்டும். சேலை ஓரம், கொக்கி, பொத்தான் என்று கையால் தைப்பவர்கள் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நான் போனபோது கண்ணாடிப் பெட்டியில் இன்னும் ஐந்தாறு பொதிகள் இருந்தன. வாங்குமுன் உறையைத் திறந்து காதுகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி மறுக்கமாட்டார்.