பழைய போட்டோ பெரிதாக்க மஞ்சக்குப்பம் மாடிக் கடை: ஐந்துக்கு நாலு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியில் இருக்கும் சின்ன போட்டோ கடை. படி செங்குத்து. என்னைப் போல முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் பையனே இறங்கி வருவான். 12-க்கு 18 அளவில் படம், சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் ஆனது. ஒரு வாரம் என்றார்கள், பதினெட்டு நாள் இழுத்தது. அதில் பாதி எங்களால்தான்.

என் அண்ணன் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1984-இல் சேர்ந்து, 1988-இல் யாழ்ப்பாணத்தில் இறந்தான். 23 வயது. கார்கில் சண்டைக்கு முன்னால் உடலை ஊருக்கு அனுப்புவதெல்லாம் அபூர்வம். எங்களுக்கு வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, வெள்ளை பெயின்டில் பெயரும் நம்பரும். இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் செத்தான் என்று தெருவில் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சரே வரவேற்கப் போகவில்லை. அங்கே நம் சனம் பட்ட பாட்டைக் கேட்டவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும், நான் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மா அவன் படத்தைக் கூடத்தில் மாட்டவேயில்லை, அவ்வளவுதான். அரிசி மூட்டை வைக்கும் அறையில், கதவுக்குப் பின்னால் மாட்டினாள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து, படம் ஊறி, முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

அந்த டிரங்குப் பெட்டியில் இப்போது லைனிங் துணி வைத்திருக்கிறேன். தையல் கடை எனக்கு. போன வருஷம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த தன் பேத்திக்குத் துணையாக வந்தார். பெட்டியில் இருந்த நம்பரை விரலால் தடவித் தடவிப் படித்தார். “இது யாருதும்மா?” என்றார். சொன்னேன். அளவு எடுத்து முடிகிற வரைக்கும் வெளியே போய் நின்றுகொண்டார். அப்புறம் உள்ளே வந்து, “நான் அவன்கூட ஒரே கம்பெனி தங்கச்சி” என்றார்.

அவர் மூலமாகப் பாலக்காட்டுக்காரர் ஒருவர் கிடைத்தார். அவரிடம் 1987-இல் எடுத்த குரூப் போட்டோ இருந்தது, கறுப்பு வெள்ளை. இரண்டாவது வரிசையில் அண்ணன், முகம் கட்டைவிரல் நகம் அளவு. வாய் விட்டுச் சிரிக்கிறான்.

முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன். செல்போனிலேயே ஏதோ ஆப்பில் போட்டுப் பத்து நிமிஷத்தில் கலர் படம் நீட்டினார்கள். பளபளவென்று சினிமாக்காரன் மாதிரி யாரோ ஒருவன். நெல்லிக்குப்பத்துப் பெரியவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தொப்பி மெரூன் கலரில் இருந்தது. “அது பாராசூட் படைக்காரன் தொப்பி. நம்மளுது கரும்பச்சை.” பேட்ஜில் கேடயமும் குறுக்கு வாளும் யானையும் இருக்க வேண்டும். யானை இருந்த இடத்தில் பன்றிக்குட்டி மாதிரி ஒன்று.

மஞ்சக்குப்பம் பையன் அந்த அவசரம் எதுவும் காட்டவில்லை. செல்லில் எடுத்த படம் வேண்டாம், அசலே வேண்டும் என்று சொல்லிப் பாலக்காட்டிலிருந்து தபாலில் வரவழைத்தான். ஸ்கேன் செய்து ஸ்கிரீனில் பெரிதாக்கியபோது நானே ஒரு குறை கண்டுபிடித்தேன். மேல் வரிசை முன்பல்லில் ஒரு மூலை இல்லை. “அவனுக்குப் பல் உடைஞ்சதே இல்லப்பா, படம் கீறியிருக்கு, சரி பண்ணிடு” என்றேன். பையன் உடனே கை வைக்கவில்லை. “படம் கொடுத்த சாரைக் கேட்டுடலாம்கா” என்று பாலக்காட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். வெலிங்டனில் டிரெயினிங்கின்போது பாக்சிங். எதிரே நின்றது அவர். உடைத்தது அவர் கை. அன்று ராத்திரி அண்ணன் கேட்டானாம்: “லீவுல போனா அம்மா பாத்துருவாங்களே, என்னடா செய்றது?”

லீவில் வந்த இரண்டு தடவையும் அவன் உதட்டைப் பிரிக்காமலேயே சிரித்தான். பட்டாளத்துக்குப் போய் முறைப்பாகிவிட்டான் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பல்லை அப்படியே விடச் சொன்னேன். பையன் எதுவும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தான்.

தொப்பியின் பச்சைக்கு மட்டும் மூன்று முறை பிரிண்ட் போட்டான், மேற்கொண்டு காசு கேட்கவில்லை. யானைக்குத் தும்பிக்கை தெரிகிறது. தையல்காரி என்பதால் சொல்கிறேன், காலர் மடிப்பும் பட்டன் பட்டியும் நிஜத் துணி மாதிரியே விழுந்திருக்கின்றன. குறை என்றால் கண்ணாடிதான். கூடத்தில் டியூப் லைட் போட்டால் முகத்தில் வெளிச்சம் விழுந்து மறைக்கிறது. கூசாத கண்ணாடி இருக்கிறது என்பதை அவன் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்தேன்.

இன்னொரு பிரதி போட்டு, அசல் போட்டோவோடு பாலக்காட்டுக்கு அனுப்பச் சொன்னேன். தெர்மாகோல் வைத்து, நாலு மூலைக்கும் அட்டை கொடுத்து நன்றாகவே கட்டினான். மூன்றாம் நாள் போன் வந்தது. “கண்ணாடி உடையல தங்கச்சி, பல்லு உடைஞ்சேதான் இருக்கு” என்றார்.

கூரியருக்கு 180 ரூபாய் தனி.