வெளிநாடு போகும் அவசரத்தில் வீட்டுச் சாமான் விற்பவர்களே, கவனம்: எங்களுக்கு நாலரை இலட்சம் போச்சு

கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தோன்றும். சாமானை ஏற்றிக்கொண்டு காசு தராமல் போன அந்த ஆளுக்கு அது தேவையில்லை.

என் கணவருக்கு மஸ்கட்டில் இரண்டு வருட ஒப்பந்தம். குடும்ப விசாவும் சேர்ந்து கிடைத்ததால் திருகோணமலை உவர்மலையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. பூட்டி வைத்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு வருட வாடகையை யார் கட்டுவது? கட்டினாலும், ஆள் இல்லாத வீட்டில் கடற்காற்று பிரிஜ்ஜின் பின்பக்கத்தையும் வோஷிங் மெஷினின் அடியையும் என்ன பாடு படுத்தும் என்று இந்த ஊர் ஆட்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மெத்தை பூஞ்சணம் பிடித்துவிடும். சாம்பல்தீவில் அம்மா ஓர் அறையை ஒழித்துத் தந்தார். அதற்குள் தையல் மெஷின், அல்பங்கள், புத்தகப் பெட்டிகள், மாமியின் குத்துவிளக்குகள் எல்லாம் போயின. நகைகள் வங்கி லொக்கருக்கு. மிச்சத்தை விற்பது என்று முடிவு செய்தோம்.

மிச்சம் என்றால் சின்ன மிச்சம் இல்லை. தேக்கு அலுமாரி, தேக்குக் கட்டில் இரண்டு, சாப்பாட்டு மேசை, செற்றி, பிரிஜ், வோஷிங் மெஷின், டிவி, மின்விசிறிகள். பழைய சாமான் விற்க, வாங்க என்று இருக்கிற ஓர் இணையத் தளத்தில் படங்களோடு போட்டேன். "வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை" என்று தலைப்பு. அந்த அவசரம் என்ற சொல்லைத்தான் இவர்கள் தேடித் திரிகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

நிறையப் பேர் போன் எடுத்தார்கள். பிரிஜ் மட்டும் தாங்க, மேசையை அரை விலைக்குத் தாங்க என்றுதான் பேச்சு. இவன் ஒருத்தன்தான் முழு வீட்டையும் மொத்தமாக எடுப்பதாகச் சொன்னான். வந்து பார்த்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். கட்டிலைத் தட்டிப் பார்த்து, "இது பழைய தேக்கு அக்கா, இப்ப இப்படி எடுக்கேலாது" என்றான். தன் அண்ணாவும் கட்டாரில் என்றான். பத்திரகாளி அம்மன் கோயிலடியைத் தாண்டி வரும்போது நெற்றியில் வைத்த திருநீறு அப்படியே இருந்தது. பிளேன்டீ குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே குசினியில் கொண்டுபோய் வைத்தான். என் கணவருக்கு ஆட்களை இலகுவில் பிடிக்காது. அவருக்கே இவனைப் பிடித்துவிட்டது. மொத்தம் 485,000 ரூபாய் என்று பேசி, 35,000 ரூபாயைக் கையில் எண்ணி வைத்தான். பேரம் பேசாமல், சிணுங்காமல்.

"எப்ப அக்கா பிளைட்?" என்று கேட்டான். ஞாயிறு இரவு என்றேன். "அப்ப வெள்ளிக்கிழமை லொறியோட வாறன், அதுவரைக்கும் நீங்க பாவியுங்கோ" என்றான். எவ்வளவு அக்கறை என்று நினைத்தோம். அந்த வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. வங்கி இல்லை. அடுத்தது சனி, ஞாயிறு. நாங்கள் நாட்டில் இருக்கும் கடைசி வங்கி நாளைத் தாண்டித்தான் லொறி வந்தது.

சாமான் ஏற்றி முடிந்ததும் கைபேசியை நீட்டினான். என் பெயர், என் கணக்கிலக்கம், 450,000 ரூபாய், பச்சை நிறத்தில் சரி அடையாளம். பற்றுச்சீட்டு என் வட்ஸ்அப்புக்கும் வந்தது. எனக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வரவில்லையே என்றதற்கு, "இது ஸ்லிப்ஸ்ல போட்டது அக்கா, போயா எண்டபடியா திங்கள்தான் விழும்" என்றான். விஷயம் தெரிந்த பொய். ஸ்லிப்ஸ் என்ற, வங்கிக்கு வங்கி காசு அனுப்பும் முறை உண்மையிலேயே வங்கி வேலை நாளில்தான் தீரும். ஆனால் உடனடியாகப் போகும் செஃப்ட்ஸ் முறையும், வங்கிகளை இணைக்கும் அதே லங்காபே வலையமைப்பில்தான் ஓடுகிறது. அது போயாவோ ஞாயிறோ பார்க்காது, சில நொடிகளில் விழும். அனுப்ப மனம் இருக்கிறவனுக்கு வழி இருந்தது.

ஞாயிறு விமான நிலையத்துக்கு வேனில் போகும்போது வழியில் ஹபரணையில் நிறுத்தி அவனுக்குப் போன் எடுத்தேன். உடனே பதில் சொன்னான். "சந்தோசமாப் போயிட்டு வாங்கோ அக்கா, காசுக்கு நான் பொறுப்பு."

திங்கள் மஸ்கட்டில் இருந்து பார்க்கிறேன், கணக்கில் ஒன்றும் இல்லை. "பின்னேரம் விழும்." பின்னேரமும் இல்லை. "வங்கியில சிஸ்டம் பிழையாம், நாளைக்கு." அப்புறம் கணக்கிலக்கத்தில் ஓர் இலக்கம் மாறிவிட்டதாம், காசு திரும்பி வந்ததும் போடுவானாம். அவன் அனுப்பிய பற்றுச்சீட்டிலேயே என் கணக்கிலக்கம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதிலாகத் தன் அம்மாவை ஆசுபத்திரியில் சேர்த்திருப்பதாகக் குரல் செய்தி. பின்னால் ஏதோ சினிமாப் பாட்டு. அதன்பிறகு வேறொருவன் எடுத்து, "அவர் தொழிலை விட்டுட்டார், உங்களுக்கு என்ன வேணும்?" என்றான். எனக்கு என்ன வேணுமா? நாலரை இலட்சம் வேணும்! என் வங்கியில் கேட்டதற்கு அப்படி ஒரு பரிமாற்றம் வரவே இல்லை என்றார்கள். இன்று காலை அவன் இலக்கமும் ஓய்ந்துவிட்டது.

தளத்துக்கு எழுதினேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில். இதே தளத்தில் என் அலுமாரி இப்போது விற்பனைக்குக் கிடக்கிறது. இடம் குருநாகல், பெயர் வேறு. வலது கதவில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது.

காசு வருமுன் ஏன் லொறியை விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவன் போட்ட திட்டமே நாங்கள் கேள்வி கேட்க நேரம் இல்லாத மூன்று நாட்களை வைத்துத்தான். களவெடுத்தவனை விட்டுவிட்டுக் களவு கொடுத்தவளை விசாரிக்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் மட்டும் தப்பியது. அதையும் கேட்டான், ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாத விற்பனைப் பத்திரத்தில், கையெழுத்து வைத்துத் தரச் சொன்னான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய மோட்டார் சைக்கிளுக்கும் நல்ல விலை இருந்ததால் என் கணவர் பிறகு பார்ப்போம் என்று மச்சானிடம் விட்டார். அப்படிக் கொடுத்திருந்தால் பதிவில் எங்கள் பெயரே இருக்கும். அவன் எங்காவது அடித்துவிட்டுப் போனால் பொலிஸ் தேடி வருவது எங்களை.

வெளிநாடு போகும்போது வீட்டுச் சாமானை எப்படிப் பிரித்து விற்பது, எதை வைப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை நடுங்குகிறது, அவசரமாகச் சிலதைச் சொல்கிறேன். போகும் திகதியை வாங்க வருபவனிடம் சொல்லாதீர்கள். வாங்குபவனின் கைபேசியில் தெரியும் படம் காசு இல்லை. உங்கள் வங்கியின் எஸ்எம்எஸ் அல்லது உங்கள் கணக்கின் மீதிதான் கணக்கு. வங்கி திறந்திருக்கும் நாளில் மட்டும் சாமானை ஏற்ற விடுங்கள். அடையாள அட்டையைப் படம் எடுங்கள், லொறி இலக்கத்தையும். போகுமுன் நொத்தாரிசிடம் போய் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம், எழுதிக் கொடுங்கள். இங்கிருந்து தம்பியை வைத்து ஒவ்வொன்றையும் நகர்த்த நான் படும் பாடு போதும். இலங்கை சிம்மைச் சாகவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

தம்பி முறைப்பாடு போட்டிருக்கிறான், பற்றுச்சீட்டுப் படமும் குரல் செய்திகளும் கொடுத்தாயிற்று. குருநாகல் பக்கம் யாராவது தேக்கு அலுமாரி வாங்கப் போனால், வலது கதவில் நீலப் பட்டாம்பூச்சி, உள்ளே இரண்டாம் தட்டில் மெழுகுதிரி சுட்ட கறுப்பு அடையாளம். அது எங்களுடையது. வாங்காதீர்கள், விற்பவனின் முகவரியைக் கேட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.