பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி: அமெரிக்க மாநிலங்களுக்கு இடையே ஒப்பிட எந்தத் தளம் உதவும்?

டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்கும், அங்கிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்கும் வேலை மாறிப் போகும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பார்த்துவிடுகின்றன. ஜில்லோ, ரெட்ஃபின் தளங்களில் வீட்டு விவரத்தின் கீழே மூன்று பள்ளிகளின் பெயரும் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்ற எண்ணும் இருக்கும். இங்கே 9, அங்கே 7, அப்படியானால் பிள்ளைக்கு இழப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த எண் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பிட எந்தத் தளம் தகும், எது தகாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிரேட்ஸ்கூல்ஸ், நிச்

வீடு தேடும் தளங்களில் வரும் எண் கிரேட்ஸ்கூல்ஸ் தருவது. 1 முதல் 4 வரை சராசரிக்குக் கீழே, 5, 6 சராசரி, 7 முதல் 10 வரை மேலே. இதில் சராசரி என்பது அந்த மாநிலத்தின் சராசரி. மாநிலத் தேர்வு முதலான அளவுகளில் ஒரு பள்ளி அதே மாநிலத்தின் மற்றப் பள்ளிகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதைத்தான் எண் சொல்கிறது. ஆகவே பிள்ளைகள் மொத்தமாக நன்றாகப் படிக்கும் மாசசூசெட்ஸில் 7 வாங்கும் பள்ளி, பின்தங்கிய ஒரு மாநிலத்தில் 9 வாங்கும் பள்ளியைவிட மேலாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. தளத்தின் விளக்கப் பக்கத்தில் இதைப் படிக்கலாம். வீட்டு விளம்பரத்தில் எண் மட்டும்தான் வருகிறது, விளக்கம் கூடவே வருவதில்லை.

இன்னொரு சிக்கல், தேர்வு மதிப்பெண் பெரிதும் குடும்ப வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் பின்தொடர்கிறது. இரண்டு பெற்றோரும் முதுகலை படித்த வட்டாரத்தில் பள்ளி சுமாராக இருந்தாலும் எண் உயரும். அதனால் ஒரே ஊருக்குள் ஒப்பிடும்போதுகூட மொத்த எண்ணை விட்டுவிட்டு, உள்ளே போய் மாணவர் முன்னேற்றம் என்ற தனி எண்ணைப் பாருங்கள். அதே பிள்ளைகள் ஓர் ஆண்டில் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதைக் காட்டுவது அதுதான். மொத்தம் 6, முன்னேற்றம் 9 என்றிருக்கும் பள்ளியை நேரில் போய்ப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

நிச் தளத்தின் ஏ பிளஸ், பி மைனஸ் கிரேடுகளில் தேர்வு மதிப்பெண்ணோடு பெற்றோர், மாணவர் கருத்துகளும் கலந்திருக்கின்றன. பள்ளியின் சூழல் தெரிய அந்தக் கருத்துகளை வாசிக்கலாம். கல்வித் தரத்தை அளக்க அதை நம்ப வேண்டாம்.

மாநில ரிப்போர்ட் கார்டுகள்

மாநிலத் தேர்வில் ஒவ்வொரு பள்ளியும் எப்படிச் செய்தது என்று மாநில அரசு வெளியிடும் அறிக்கையே மாநில ரிப்போர்ட் கார்டு. 2015இன் கூட்டாட்சிச் சட்டப்படி எல்லா மாநிலமும் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை. எந்தத் தேர்வு, எது தேர்ச்சி என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. ஊருக்கு ஒரு படி வைத்து நெல் அளந்தால் எப்படியோ அப்படித்தான் இது. 2025 வரையான நிலவரப்படி, வர்ஜீனியாவின் எஸ்.ஓ.எல். தேர்வு 600க்கு, தேர்ச்சி 400. நியூ ஜெர்சியில் அளவுகோல் 650 முதல் 850 வரை, தேர்ச்சிக் கோடு 750. மாசசூசெட்ஸின் எம்கேஸ் 440 முதல் 560 வரை, கோடு 500. டெக்சாஸின் ஸ்டார் தேர்வில் நான்கு படிநிலைகள். இரண்டாம் படியான 'அப்ரோச்சஸ்' வந்தாலே தேர்ச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும், ஆனால் வகுப்புக்குரிய தரம் என்பது மூன்றாம் படியான 'மீட்ஸ்'. டெக்சாஸின் பள்ளி டிஸ்ட்ரிக்ட் (ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) ஒன்று 85% தேர்ச்சி என்று சொன்னால் எந்தப் படியைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள்.

கோடு எவ்வளவு தாழ இருக்கலாம் என்பதற்கு வர்ஜீனியா நல்ல சான்று. 2022இல் அங்கே மாநில வாசிப்புத் தேர்வில் பத்தில் ஏழு பேருக்கு மேல் தேறினார்கள். அதே ஆண்டு நேப் என்ற தேசியத் தேர்வில், நான்காம் வகுப்பு வாசிப்பில் 'ப்ரொஃபிஷியன்ட்' நிலையை எட்டியவர்கள் 32%. அந்த நிலை சாதாரணத் தேர்ச்சியைவிட உயரமானது, அதைக் கீழே பார்க்கலாம். கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. நியூயார்க் 2023இலும், விஸ்கான்சினும் ஓக்லஹோமாவும் 2024இலும் புதுக் கோடு போட்டன. தேர்ச்சி விழுக்காடு ஒரே ஆண்டில் குதித்திருந்தால், படிப்பு உயர்ந்ததா கோடு நகர்ந்ததா என்று தேடிப் பார்க்காமல் மகிழக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும் மாநில ரிப்போர்ட் கார்டு வீணான ஒன்று அல்ல. மாநிலத்துக்குள் பள்ளி அளவில் இதைவிட நுணுக்கமான தகவல் வேறெங்கும் கிடைக்காது. கலிஃபோர்னியாவின் டாஷ்போர்டு ஒற்றை எண் தராமல் ஒவ்வோர் அளவுக்கும் நிறம் தருகிறது. இன்றைய நிலையையும் சென்ற ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தையும் சேர்த்தே அந்த நிறம் வருகிறது. ஒற்றை எண்ணைவிட இது நேர்மையான முறை.

நேப்

மாநிலங்களை ஒரே அளவுகோலில் வைக்கும் தேர்வு, கூட்டாட்சி அரசு நடத்தும் இந்தத் தேசியத் தேர்வு ஒன்றுதான். 1969இல் தொடங்கியது, 2003 முதல் எல்லா மாநிலங்களும் 4, 8ஆம் வகுப்பு வாசிப்பிலும் கணக்கிலும் பங்கேற்கின்றன. அளவுகோல் 0 முதல் 500. மாதிரிக்கு எடுத்த பிள்ளைகள் மட்டும் எழுதுகிறார்கள், ஒவ்வொருவரும் மொத்த வினாக்களில் ஒரு பகுதியையே எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளைக்கோ பள்ளிக்கோ இதில் மதிப்பெண் கிடையாது. ஆசிரியரின் வேலையோ பள்ளியின் கிரேடோ இதில் தொங்கவில்லை என்பதால், இதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்து எண்ணை ஏற்றும் பழக்கமும் இல்லை. அதுவே இதன் பெரிய பலம்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் 'ப்ரொஃபிஷியன்ட்' என்ற சொல். நான்காம் வகுப்பு வாசிப்பில் 'பேசிக்' 208, 'ப்ரொஃபிஷியன்ட்' 238. இந்த 238 வகுப்புக்குரிய சாதாரணத் தேர்ச்சியைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது; பெரும்பாலான மாநிலங்களின் தேர்ச்சிக் கோடு நேப்பின் 'பேசிக்' பட்டைக்குள்தான் விழுகிறது. "மூன்றில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரியாது" என்று பரவும் செய்தி இந்தக் குழப்பத்தில் பிறந்தது. கவலைப்பட வேண்டிய எண் வேறு: 2024இல் நான்காம் வகுப்பில் 'பேசிக்' அளவையே எட்டாதவர்கள் 40%.

மாநிலச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. 2024இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் மாசசூசெட்ஸ் 225, தேசியப் பொதுப்பள்ளிச் சராசரி 214. அந்த 11 புள்ளியில் பள்ளி கொடுத்தது எவ்வளவு, பட்டதாரிப் பெற்றோர் கொடுத்தது எவ்வளவு? இதைப் பிரிக்க நேப்பின் டேட்டா எக்ஸ்ப்ளோரர் பக்கம் உதவும், கட்டணம் இல்லை. பாடம் கணக்கு, வகுப்பு 8 என்று தேர்ந்தெடுங்கள். நீங்கள் இருக்கும் மாநிலம், போகும் மாநிலம், தேசியப் பொதுப்பள்ளி மூன்றையும் குறியுங்கள். மாறி (வேரியபிள்) என்ற இடத்தில் பெற்றோர் கல்வியை எடுங்கள். பிறகு பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் என்ற ஒரு வரியை மட்டும் ஒப்பிடுங்கள். மொத்தச் சராசரியில் தெரிந்த இடைவெளியில் ஒரு பகுதி இங்கே மறைந்துவிடுவதைப் பார்க்கலாம். மிஞ்சும் வித்தியாசம்தான் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது. கடைசியாக அதே பக்கத்தில் உள்ள முக்கியத்துவச் சோதனையை (வித்தியாசம் உண்மையா தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) ஓட்டுங்கள். மாதிரிக்கு எடுத்த பிள்ளைகள் மட்டும் எழுதும் தேர்வு என்பதால் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் பல நேரம் வித்தியாசமே அல்ல.

இதில் கவனிக்க வேண்டியவை சில. பெற்றோர் கல்வி பிள்ளைகள் தாங்களே சொல்வது, அதனால் நான்காம் வகுப்பில் அந்தக் கேள்வியே கிடையாது. இலவச மதிய உணவுத் தகுதியை வறுமையின் அளவாக எடுத்தால், பள்ளி முழுவதற்கும் இலவச உணவு தரும் திட்டம் வந்த இடங்களில் அது பிசகும். ஆசியர் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பல மாநிலங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு குறி வரும்; 62 பிள்ளைகளுக்குக் குறைவான மாதிரிக்கு நேப் முடிவு வெளியிடாது.

பெயரை வைத்து மாநிலத்தை எடைபோடும் பழக்கத்தை உடைக்க மிசிசிப்பி போதும். நாட்டின் கடைசி வரிசையில் இருந்த அந்த ஏழை மாநிலம் 2013இல் ஒரு வாசிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒலி-எழுத்து முறையில் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், ஆண்டில் மூன்று முறை வாசிப்புச் சோதனை, மூன்றாம் வகுப்பில் வாசிக்க முடியாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துதல். 2024இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 219, தேசியச் சராசரிக்கு 5 புள்ளி மேலே. நிறுத்திவைத்ததால்தான் எண் ஏறியது என்ற வாதம் உண்டு. முழு ஏற்றத்தையும் அது விளக்கிவிடாது. அதே சமயம் எட்டாம் வகுப்பில் இந்த உயரம் இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலிமெண்டரிக்கும் மிடில் ஸ்கூலுக்கும் ஒரே மாநிலத்தில் வேறு வேறு தீர்ப்பு வரலாம்.

ஸ்டான்ஃபோர்டின் தரவுத்தளம்

நேப் டிஸ்ட்ரிக்ட் அளவுக்குப் பெரும்பாலும் இறங்காது, சில பெருநகரங்கள் விதிவிலக்கு. அந்தக் குறையை நிரப்புவது ஷான் ரியர்டன் குழு ஸ்டான்ஃபோர்டில் நடத்தும் எஜுகேஷனல் ஆப்பர்சூனிட்டி ப்ராஜெக்ட். மாநிலத் தேர்வு முடிவுகளை நேப் அளவுகோலில் பொருத்தி, 3 முதல் 8ஆம் வகுப்புக்கு நாடு முழுவதும் ஒரே கணக்கில் தருகிறது. எண்ணும் புரிகிற எண்: தேசியச் சராசரியைவிட எத்தனை வகுப்பு மேலே அல்லது கீழே. வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு இருப்பதிலேயே பயனுள்ள தளம் இது என்று தயங்காமல் சொல்லலாம்.

வரைபடத்தில் சராசரி மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் கற்றல் வேகத்துக்கு மாற்றுங்கள். பெயர்பெற்ற பணக்கார டிஸ்ட்ரிக்டுகளில் சில இங்கே நடுத்தரமாகவும், யாரும் பேசாத இடங்கள் சில முன்னாலும் நிற்கும். 2009-2014 காலத்தில் சிகாகோ பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கான வளர்ச்சி கண்டதை இந்தக் குழுதான் காட்டியது. சிகாகோ பள்ளிகளைப் பற்றிய பொதுப்பேச்சு அதற்கு நேர்மாறாக இருந்தது. குறைகளும் உண்டு. தரவு சில ஆண்டு பின்தங்கி வரும், உயர்நிலைப் பள்ளி இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் போல மாநிலத் தேர்வைப் புறக்கணிக்கும் பெற்றோர் அதிகமுள்ள பகுதிகளில் எண் இல்லாமலோ நம்ப முடியாமலோ போகும்.

எந்தத் தளமும் காட்டாத வித்தியாசங்கள்

கணக்குப் பாதையைத் தனியாக விசாரியுங்கள். டெக்சாஸ் 2023இல் இயற்றிய சட்டப்படி ஐந்தாம் வகுப்பு ஸ்டார் கணக்கில் முதல் 40%க்குள் வரும் பிள்ளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கில் தானாகவே சேர்க்கப்படும். சான் ஃப்ரான்சிஸ்கோவிலோ 2014இல் தொடங்கிப் பல ஆண்டுகள் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்கவே வழியில்லை. நடுவில் மாறும் பிள்ளைக்கு ஒரு ஆண்டு பின்னுக்குப் போகும் ஆபத்து இங்கேதான். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. சேரும் முன் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா உண்டா, அதற்குத் தகுதி யார் தீர்மானிக்கிறார்கள் என்று மிடில் ஸ்கூல் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் சோதனை வரும், உண்மையையே எழுதுங்கள். அதற்குப் பின் ஆண்டுத் தேர்வு கலிஃபோர்னியாவில் எல்பேக், டெக்சாஸில் டெல்பாஸ், நியூ ஜெர்சி உள்ளிட்ட பல மாநிலங்களில் விடா. ஒன்றின் மதிப்பெண் இன்னொன்றுக்கு நேராகப் பொருந்தாது. ரிப்போர்ட் கார்டில் ஆங்கிலம் கற்போர் பிரிவு எல்லா ஊரிலும் தாழ்ந்தே தெரிவதற்கும் காரணம் உண்டு: ஆங்கிலம் தேறியவுடன் பிள்ளை அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறது.

உங்கள் பிள்ளையின் நிலையைப் புதுப் பள்ளிக்கு எடுத்துச் சொல்ல, பழைய மாநிலத் தேர்வின் படிநிலைப் பெயர் போதாது. அளவுகோல் மதிப்பெண் உள்ள முழு அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். பழைய டிஸ்ட்ரிக்ட், மாநிலத் தேர்வு அல்லாத மேப் க்ரோத் என்ற தேர்வை வைத்திருந்தால் அதன் மதிப்பெண்ணான ரிட் எண்ணும் தேசிய சதமான நிலையும் (பெர்சென்டைல்) உள்ள அறிக்கையைக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அந்த எண் எல்லா மாநிலத்திலும் ஒரே அளவில்தான் இருக்கும்.