பாட்டில்ல அடுக்குற தாய் சாலட்: எலுமிச்சையா வேர்க்கடலையா?

ஒரு மாசமா ஆபீஸுக்கு மதியம் சாலட்தான் கட்டிட்டுப் போறேன், தாய்லாந்து ருசில, கண்ணாடி பாட்டில்ல அடுக்கி. ரெண்டு விதமா செஞ்சு பாத்தாச்சு. ஒண்ணு ஸோம் தாம்ங்கற அவங்க பப்பாளிக்காய் சாலட் மாதிரி எலுமிச்சை, ஃபிஷ் சாஸ் போட்ட புளிப்பு. இன்னொண்ணு வேர்க்கடலை அரைச்சு கெட்டியா ஊத்துறது. ருசின்னு பாத்தா எலுமிச்சைதான், யோசிக்கவே வேணாம். ஆனா பைல போட்டு தூக்கிட்டுப் போகணும்னு வரும்போது கதை மாறிடுது.

உண்மையச் சொல்லணும்னா ஸோம் தாமை யாரும் பாட்டில்ல அடைச்சு வைக்க மாட்டாங்க. "ஸோம்"னா புளிப்பு, "தாம்"னா இடிக்கிறது. மண் உரல்ல பூண்டு, மிளகாய், காராமணி, தக்காளி எல்லாம் போட்டு மர உலக்கையால பதமா தட்டி, பப்பாளிக்காய் துருவல போட்டு ஒரு பெரட்டு, உடனே தட்டுக்கு வந்துடும், பக்கத்துல ஒட்டுற சோறு. தாய்லாந்தோட வடகிழக்குல இருக்கற இசான் பக்கமும் லாவோஸ்லயும் அது தினசரி சாப்பாடு. பாட்டில் சமாச்சாரம் அமெரிக்காவோடது, 1858ல ஜான் மேசன்னு ஒருத்தர் திருகு மூடி ஜாடிக்கு பேட்டன்ட் வாங்கினாரே, அந்த ஜாடி. சரி, வேர்க்கடலை ஊத்துறதாவது யாரோ வெளியாள் பண்ண வேலையா இருக்கும்னு நெனச்சா, தாய்லாந்துலயே ஸலாட் கேக்னு ஒண்ணு இருக்கு. பர்த்டே கேக் இல்லீங்க, கேக்னா விருந்தாளி, நம்மளயும் மலாய்க்காரங்களயும் எல்லாம் அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவிச்ச முட்டை, பொரிச்ச டோஃபு, காய் எல்லாம் வெச்சு மேல வேர்க்கடலை சாஸ் ஊத்தித் தருவாங்க.

எலுமிச்சைக்கு என் அளவு: சாறு 2 டேபிள்ஸ்பூன், ஃபிஷ் சாஸ் 1, வெல்லம் 1, ஒரு பல் பூண்டு, ரெண்டு பச்சை மிளகாய், எல்லாத்தயும் உரல்ல தட்டிக்கணும், மிக்சில போட்டா கசக்குது. கருப்பட்டி போட்டுப் பாத்தேன், வாசனை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா காயெல்லாம் சேத்துல விழுந்த மாதிரி கலர். வேர்க்கடலைக்கு வறுத்து தோல் எடுத்த கடலை ஒரு கைப்பிடி, எலுமிச்சை சாறு 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ரெண்டு டீஸ்பூன், கொஞ்சம் வெல்லம், மிளகாய், சுடுதண்ணி விட்டு தோசை மாவவிட கொஞ்சம் கெட்டியா அரைக்கணும்.

இப்ப மேட்டருக்கு வரேன். பாட்டில்ல அடுக்குறதோட சூட்சுமமே சாஸ் அடில கிடக்கணும், இலை மேல இருக்கணும், ரெண்டும் மதியம் வரைக்கும் சந்திச்சுக்கக் கூடாது. உப்பு பட்டாலே காய் தண்ணி விட ஆரம்பிச்சிடும், வெள்ளரிக்காய்ல உப்பு தூவி பத்து நிமிஷம் வெச்சவங்களுக்குத் தெரியும். கெட்டி வேர்க்கடலை சாஸ் பாட்டில் அடில பசை மாதிரி ஒட்டிக்கும், பை சாஞ்சாலும் மெதுவாத்தான் நகரும். எலுமிச்சை தண்ணியா இருக்கும், எலக்ட்ரிக் ட்ரெயின்ல பைய மடில படுக்க வெச்ச ஒரே காரணத்துக்காக அன்னிக்கு மூடி வரைக்கும் ஏறி, கொத்தமல்லியெல்லாம் வதங்கி, அதுபோதாதுன்னு சார்ஜர் வயர்ல நாலு நாள் நெத்திலி வாசனை (ஃபிஷ் சாஸே நெத்திலியயும் உப்பையும் மாசக்கணக்கா ஊறப் போட்டு எடுக்கிறதுதானே, வேற எப்படி இருக்கும்).

எவர்சில்வர் டப்பால வைக்கலாமேன்னு எங்கம்மா கேட்டாங்க. வெச்சேன். அகலமான டப்பால சாஸ் அடி முழுக்கப் பரவிடுது, அதனால நிறைய காய் அதுல முங்குது, எலுமிச்சைக்கு சுத்தமா ஆகாது. ஒல்லியான உயரமான பாட்டில்ல சாஸ் தொடுற இடம் கம்மி, அவ்ளோதான் வித்தியாசம். காலி ஊறுகாய் பாட்டில் ஓகே, ஆனா மூடிய வெயில்ல காய வைங்க, கண்ணாடில வாசனை போயிடும், மூடில போகாது.

அடுத்தது காய். சாஸுக்கு மேல மொதல்ல முரட்டுக் காய்தான், கேரட், முட்டைக்கோஸ், காராமணி. பப்பாளிக்காய் துருவல ஐஸ் தண்ணில பத்து நிமிஷம் போட்டு நல்லாப் பிழிஞ்சு வெச்சா நறுக்குனு இருக்கும், முட்டைக்கோஸ் கூட அதுகிட்ட நிக்க முடியாது. (கர்ப்பமா இருக்கற வீட்டுல பப்பாளிக்காய் பக்கமே போக மாட்டாங்க, அப்ப கோஸ்தான்.) அதுக்கு மேல முளைகட்டின பச்சைப்பயறு, அப்புறம் தக்காளி, கடைசில இலை. லெட்யூஸ் வேஸ்ட், 11 மணிக்கே துவண்டுடுது. தாய் பேசில் தேடி பெரிய கடைக்கெல்லாம் அலைய வேணாம், திருநீற்றுப்பச்சிலை அதோட சொந்தக்காரன்தான், சப்ஜா விதை குடுக்குமே அதே செடி. அவங்க வறுவல்ல போடற கப்ராவ்ங்கறது வேற, அது நம்ம துளசி. வறுத்த கடலை மட்டும் தனியா பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கோங்க.

ஹெல்தி எதுன்னு கேட்டா எலுமிச்சைன்னுதான் எல்லாரும் கை தூக்குவாங்க, கலோரி கம்மி, உண்மைதான். ஆனா ஒரு டேபிள்ஸ்பூன் ஃபிஷ் சாஸ்ல கிட்டத்தட்ட 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கும், உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கவே 2,000க்கு கீழ இருக்கணும்ங்குது. பிபி இருக்கறவங்க பாதியா குறைச்சு எலுமிச்சைய ஏத்திக்கோங்க. பீநட் பட்டர்னா ரெண்டு டேபிள்ஸ்பூனே 190 கலோரி வரும், ஆனா அது சாப்பிட்ட அன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு பஜ்ஜி ஞாபகம் வரல, எலுமிச்சை அன்னிக்கு கண்டிப்பா வரும். ரெண்டுலயும் கோழி மட்டும் வைக்காதீங்க, நம்ம வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாம ஒரு மணி நேரமே ஜாஸ்தி. சுண்டல் போதும்.

இப்போதைக்கு என் கணக்கு: ஞாயிறு ராத்திரி அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வைக்கிற திங்கள், செவ்வாய் பாட்டிலெல்லாம் வேர்க்கடலை. எலுமிச்சைன்னா அன்னிக்குக் காலைல செஞ்சு, சாஸ தனியா ஒரு குட்டி பாட்டில்ல. அப்ப எதுக்கு அடுக்கணும்னு எங்கம்மா கேட்டாங்க, கேள்வி நியாயம்தான், பதில் இல்ல. பப்பாளிக்காய் சிக்காத அன்னிக்கு நூக்கோல் துருவிப் பாருங்க, தண்ணி மட்டும் நல்லாப் பிழிஞ்சிடணும்.