பூனையின் தெள்ளுப்பூச்சிக்குச் சீப்பா, குளியலா, சொட்டு மருந்தா?

பூனை பின்னங்காலால் கழுத்தை ஓயாமல் சொறிவதையும், வாலடியைக் கடித்துக் கடித்து மயிரை உதிர்ப்பதையும் பார்த்தவுடன் வீட்டார் நாடும் வழிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: பேன் சீப்பு, சோப்புக் குளியல், வேப்பெண்ணெயும் மஞ்சளுமான கைவைத்தியம், கடையில் கிடைக்கும் பவுடர் அல்லது கழுத்துப்பட்டை, கால்நடை மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தால், இயற்கையானதா இரசாயனமா என்று பிரித்து, முதலாவதைப் பாதுகாப்பானதென்றும் இரண்டாவதை ஆபத்தானதென்றும் முடிவு கட்டிவிடுவது நம் வழக்கம். பூனையின் விஷயத்தில் அந்தப் பிரிவினை உதவுவதில்லை. தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கையில் எந்தப் பருவத்தை அந்த வழி எட்டுகிறது என்பதும், பூனை தன் உடலை நக்கும்போது வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதும்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டிய அளவுகோல்கள்.

பூனையின் மேல் ஓடுகிற தெள்ளுப்பூச்சி மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது. இரத்தம் குடிக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் பெண் பூச்சி முட்டையிடத் தொடங்கி, உச்சத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 50 வரை இடும். அந்த முட்டைகள் மயிரில் ஒட்டாமல், பூனை படுக்கும் சாக்கிலும் கோரைப்பாயின் இடுக்கிலும் சோபாவின் மடிப்பிலும் உதிர்ந்துவிடும். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்கு இரண்டு மூன்று வாரமே போதும். காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புழுக்கள் பிழைப்பது கடினம். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கரையோர ஊர்களில் அப்படிப்பட்ட வறட்சி அரிதாகையால், குளிர்நாடுகளில் கோடைத் தொல்லையாக இருப்பது இங்கே ஆண்டு முழுவதும் நீடிக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் அது தெள்ளுப்பூச்சிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பற்கள் நெருக்கமாக உள்ள சீப்பால் வாலடியின் மேற்புறத்திலும் கழுத்தைச் சுற்றியும் தோலைத் தொடும்படி வாரினால், பூச்சியே சிக்காவிட்டாலும் கருந்துகள்கள் சில சீப்பின் அடியில் தங்கும். அவற்றை ஈரமான வெள்ளைப் பஞ்சின் மேல் தட்டிச் சற்றுப் பொறுத்தால், வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவும், ஏனெனில் அது செரித்த இரத்தம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை என்பதோடு, பிறகு மருந்து பலித்ததா என்று பார்க்கவும் இதுவே உதவும்.

சீப்பையும் குளியலையும் ஒப்பிட்டால் என் ஓட்டு சீப்புக்கே. இரண்டும் வளர்ந்த பூச்சியை மட்டுமே தொடுகின்றன. இரண்டுக்கும் அடுத்த நாள் வரை நீடிக்கும் பலன் கிடையாது. சீப்பில் சிக்கிய பூச்சியை விரலால் நசுக்க முயன்றால் வழுக்கிக்கொண்டு தாவிவிடும் என்பதால், சோப்பு கரைத்த நீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீப்பை அதில் முக்க வேண்டும். வெறும் நீரில் மிதக்கும் பூச்சி, சோப்பு நீரில் மூழ்கிச் சாகும். மிதமான சோப்பு நீரில் குளிப்பாட்டினாலும் நடப்பது இதே வேலைதான். ஆனால் உடலை நனைத்ததும் பூச்சிகள் தலைக்கு ஏறி, கண்ணோரத்திலும் காதருகிலும் ஒளிந்துகொள்ளும். அதைத் தடுக்க முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் இட்டுவிட்டுத்தான் உடலுக்கு வர வேண்டும். தண்ணீரைக் கண்டு மிரளும் பூனையை வாரந்தோறும் இப்படி வதைப்பதில் கிடைக்கும் ஆதாயம் குறைவு. தோலின் எண்ணெய்ப்பசையும் போய் அரிப்பு கூடவும் வாய்ப்புண்டு. குளியல் பொருந்துவது, பூச்சி மொய்த்து வீட்டுக்கு வந்து சேர்ந்த தெருப்பூனை போன்ற ஒருசில இடங்களில்தான்.

கைவைத்தியங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது; நம் வீடுகளில் முதலில் கை போவது அங்கேதான். பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைத் தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிப்பதால், அதன் மேல் பூசுவதெல்லாம் அதற்கு ஊட்டுவதற்குச் சமம். போதாக்குறைக்கு, பல பொருள்களை நஞ்சு நீக்கி வெளியேற்றும் குளுக்குரோனைடு சேர்க்கை என்ற வேலையைச் செய்யும் நொதிகள் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மனிதர் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். இந்தக் கண்ணாடியில் பார்த்தால் கற்பூரம் கலந்த எண்ணெயும், தேயிலை மர எண்ணெயும், எலுமிச்சைத் தோலின் சாறும் நேராக ஆபத்துப் பட்டியலில் விழுகின்றன. ஃபினாயில் தெளித்த தரையும், குளோரோசைலினால் அடங்கிய கிருமிநாசினி கலந்த குளியலும் அப்படியே. வேப்பெண்ணெய்க்குப் பூச்சிகளை விரட்டும் ஆற்றல் ஓரளவு உண்டு என்பது உண்மை. ஆனால் செறிவாகப் பூசப்பட்ட பூனைகளில் எச்சில் வழிதல், வாந்தி, நடுக்கம் ஆகியவை காணப்பட்டுள்ளன, வீட்டில் கலக்கும்போது செறிவை அளக்க வழியும் இல்லை. மஞ்சள் பூனையையும் படுக்கையையும் மஞ்சளாக்குவதற்கு மேல் தெள்ளுப்பூச்சியை எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் இவற்றுள் தீங்கு குறைந்தது. அதில் சில பூச்சிகள் சிக்கிச் சாகலாம், காய்ந்த தோல் சற்று மென்மையாகலாம், ஆனால் அளவு மீறி நக்கினால் வயிற்றுப்போக்கும் வரும், உதிர்ந்த முட்டைகளும் அப்படியே இருக்கும். பூண்டை உணவில் கலந்தால் பூச்சி ஓடிவிடும் என்பது எங்கிருந்து பரவியதோ தெரியவில்லை. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகை உண்டாக்குபவை, பூச்சிக்கடியால் ஏற்கெனவே இரத்தம் இழந்த பூனைக்கு அது இரட்டிப்புக் கேடு.

இயற்கை வழியைக் குறை சொல்வதால் கடையில் விற்பதெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. உயிருக்கே உலை வைக்கும் தவறு பெரும்பாலும் நாய்க்கென விற்கப்படும் மருந்தைப் பூனைக்கு இடுவதில்தான் நடக்கிறது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், மேலே சொன்ன அதே நொதிக் குறையால் பூனையின் உடலில் தங்கி நரம்புகளைத் தாக்கும். காதும் முகமும் துடிக்கத் தொடங்கி, உடல் முழுதும் நடுங்கி, வலிப்பில் முடியக்கூடும். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி நீங்க நீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் கரைசல்களையும் பூனைக்கு நெருங்கவிடக்கூடாது. வீட்டு நாய்க்குப் பெர்மெத்ரின் இட்டிருந்தால், அதன்மேல் சாய்ந்து உறங்கும் பூனையைச் சில நாளுக்குப் பிரித்து வைப்பதே நல்லது. தவறி இட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் உடனே கழுவித் துவட்டி, நடுக்கம் வருகிறதா என்று காத்திராமல், மருந்தின் உறையோடு மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

பூனைக்கென்றே செய்யப்பட்ட சொட்டு மருந்துகளில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது ஃபிப்ரோனில். செலமெக்டின் அதற்குச் சரியான போட்டி. ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, பூச்சி மயிரில் ஊர்ந்தாலே தாக்கும், உண்ணியையும் கொல்லும். எஸ்-மெத்தோபிரீன் சேர்ந்த வகையாக இருந்தால் முட்டையும் புழுவும் வளராமல் போகும் என்பதால், விலை கூடினாலும் தனி ஃபிப்ரோனிலைவிட அதுவே மேல். செலமெக்டின் தோல் வழியே இரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது; தெள்ளுப்பூச்சியோடு, காதுக்குள் கரிய அழுக்கைச் சேர்க்கும் காதுச் சிற்றுண்ணியையும், குடலின் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். மதில் தாண்டித் தெருவுக்குப் போய்வரும் பூனைக்கு இவையெல்லாம் கூடவே இருப்பது வழக்கமாதலால், உண்ணித் தொல்லை பெரிதாக இல்லாதவரை நான் செலமெக்டினையே முதலில் வைப்பேன். இரண்டுமே எட்டு வார வயதைத் தாண்டிய குட்டிகளுக்கானவை. இரண்டையும் மாதம் ஒருமுறை இட வேண்டும். மூன்று மாதம் வரை பலன் நீடிக்கும் ஃப்ளூரலானர் சொட்டு, மாதாமாதம் நினைவு வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு வசதியானது. வலிப்பு நோய் இருந்த பூனைக்கு மருத்துவரைக் கேளாமல் அதைக் கொடுக்கக்கூடாது. நைட்டன்பைரம் மாத்திரை அரை மணியில் வேலையைத் தொடங்கிப் பூனையின் மேலுள்ளவற்றைக் கொன்றுவிடும், ஆனால் ஓரிரு நாளில் அதன் பலன் தீர்ந்துவிடுவதால் அது தனித்து நிற்கும் வழியாகாது.

இடும் முறையில்தான் மருந்தின் பலன் பாதி வீணாகிறது. மயிரின் மேல் ஊற்றினால் தோலைச் சேராது. மண்டையோட்டுக்கு அடியில், பிடரியின் மேற்பகுதியில், மயிரை இரு பக்கமும் ஒதுக்கி வெளிறிய தோல் தெரிந்த பிறகே முனையை வைத்து அழுத்த வேண்டும். அதற்குக் கீழே தோள்களுக்கு நடுவில் விட்டால் கழுத்து நீண்ட பூனைக்கு நாக்கு எட்டிவிடும். எட்டினால் கசப்பில் வாயில் நுரை தள்ளும். பூனைக்கான மருந்தாக இருந்தால் பொதுவாகச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஃபிப்ரோனிலுக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. ஒன்றையொன்று நக்கும் பூனைகளை மருந்து காயும்வரை வேறு வேறு அறையில் விடலாம். வீட்டில் உள்ள அத்தனை பூனைக்கும் நாய்க்கும் அவற்றுக்குரிய மருந்தை ஒரே சமயத்தில் இடாவிட்டால், இடப்படாத ஒன்று மற்றவற்றுக்கு மீண்டும் மீண்டும் பரப்பிக்கொண்டே இருக்கும்.

கழுத்துப்பட்டைகளில் மலிவானவை பட்டையைச் சுற்றிய சில விரற்கடைக்கு மேல் பாதுகாப்பதில்லை. இமிடாகுளோப்ரிடும் ஃப்ளூமெத்ரினும் சிறுகச் சிறுக வெளியாகும் தரமான பட்டைக்கு எட்டு மாதம் வரை பலன் உண்டு. ஆனாலும் கிளையிலோ சன்னல் கம்பியிலோ மாட்டினால் தானே அவிழும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மருந்து இட்ட பிறகும் சில வாரங்களுக்குப் புதிய பூச்சிகள் தென்படுவதைக் கண்டு, மருந்து போலி என்று பலர் கைவிடுகிறார்கள். தூசி ஒட்டிய பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவைப் பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலும் துளைப்பதில்லை. அது வெப்பத்தையும் அதிர்வையும் மூச்சுக்காற்றையும் உணரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து காலடி வைத்ததும் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான். ஆகவே, மருந்து பூனையைப் பொறியாக மாற்றுகிறது என்று கொண்டு, குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். அதற்கிடையே படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசிக் கடும் வெயிலில் உலர்த்துவதும், பாயையும் சாக்கையும் உதறிக் காயவைப்பதும், கட்டிலடி, பரண், மாடிப்படியின் கீழ் என வெளிச்சம் படாத மூலைகளைத் துடைப்பதும் கூட்டத்தைக் குறைக்கும். தரையின் வெடிப்புகளில் உள்ளதைத் துடைப்பம் எடுக்காது. வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் உறிஞ்சலும் அதிர்வும் இங்கே துடைப்பத்தைவிட மேலானவை.

பூச்சி குறைந்தும் அரிப்பு ஓயாத பூனைகள் உண்டு. தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட பூனைக்கு ஒருசில கடிகளே போதும். முதுகிலும் கழுத்திலும் சிறு சிறு பொருக்குகள் விரலுக்குத் தட்டுப்படும், வயிற்றடி மயிர் நக்கி நக்கி வழுக்கையாகும். இதற்குக் கலமைனா, மனிதருக்கான ஸ்டீராய்டு களிம்பா என்றால் இரண்டுமே கூடாது: முன்னதில் உள்ள துத்தநாகமும் பின்னதும் நக்கலில் உள்ளே போகும். புண்ணுக்கு உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றுவதும், கழுத்தில் கூம்புக் கவசம் மாட்டி நக்கலைத் தடுப்பதும் வீட்டில் செய்யத்தக்கவை. அரிப்பை அடக்கும் மருந்து மருத்துவரின் அளவீட்டில்தான் வர வேண்டும். காது நுனியிலும் நெற்றியிலும் தடித்த சாம்பல் பொருக்கு படர்ந்தால் அது சொறிச் சிற்றுண்ணியாகவும், வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரையாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் வீட்டாருக்கும் தொற்றக்கூடியவை. சொறிக்கு மனிதர் பூசும் பென்சைல் பென்சோயேட்டும் பூனைக்கு நஞ்சு.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியின் ஈறு வெளிறியிருந்தால் அது இரத்தம் இழந்துகொண்டிருக்கிறது. சீப்பால் வாரிக்கொண்டே அன்றே மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும். வளர்ந்த பூனையின் ஆசனவாயருகே அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால், அது நக்கும்போது விழுங்கிய தெள்ளுப்பூச்சி வழியே சேர்ந்த நாடாப்புழு. மேலே சொன்ன சொட்டு மருந்துகள் எதுவும் அதை அகற்றாது என்பதால், பிரசிகுவாண்டெல் மாத்திரையைத் தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.